மண்ணைத் தூய்மையாக்கும் பாக்டீரியாக்களும் பாதரச நச்சும்: கொடைக்கானல் பகுதி மக்களுக்கான விளக்கம்

நச்சுப் பொருள்களால் கெட்டுப்போன மண்ணைப் பாக்டீரியாக்களைக் கொண்டு தூய்மையாக்கலாம் என்ற செய்தி நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் அவ்வப்போது வெளிவருகிறது. பழனி மலைப் பகுதியில் வாழ்வோருக்கு, குறிப்பாகக் கொடைக்கானலில் இயங்கிய தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் பணியாற்றியவர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும், இச்செய்தி பல வினாக்களை எழுப்புகிறது. அந்தப் பாக்டீரியாக்கள் மண்ணிலுள்ள பாதரசத்தை அழித்துவிடுமா? அவற்றைத் தோட்டத்திலோ கிணற்றிலோ இடலாமா? உடலில் சேர்ந்த பாதரசத்தையும் அவை நீக்குமா? இவ்வினாக்களுக்கு நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் புரிந்துகொள்ளும் வகையில் இப்பக்கம் விடையளிக்கிறது.

முக்கியக் குறிப்புகள்

• பாதரசம் ஒரு தனிமம். எந்தப் பாக்டீரியாவாலும் அதை அழிக்க இயலாது. அதன் வடிவத்தை மட்டுமே மாற்ற இயலும்.
• மண்ணைச் சீரமைப்பது வேறு. உடலுக்குச் சிகிச்சை அளிப்பது வேறு. ஒன்று முடிந்தால் மற்றொன்றும் முடிந்துவிடும் என்று கருதக்கூடாது.
• பல ஆண்டுகளுக்கு முன் பாதரசத்துடன் பணியாற்றியவரின் இன்றைய சிறுநீர்ப் பரிசோதனை இயல்பாக இருப்பது, அன்று பாதிப்பு ஏற்படவில்லை என்பதற்குச் சான்றாகாது.

பின்னணி

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாட்டர்டவுன் என்னும் ஊரிலிருந்து தெர்மாமீட்டர் தயாரிக்கும் இயந்திரங்கள் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய இத்தொழிற்சாலை பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசமானது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் ஊருக்குள் ஒரு பழைய பொருள் கிடங்கில் இருப்பது 2001 மார்ச் மாதத்தில் பொதுமக்களால் வெளிக்கொணரப்பட்டது. அதைத் தொடர்ந்து தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவுகள் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 2016 மார்ச் மாதத்தில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது.

தொழிற்சாலை வளாகம் மலை விளிம்பில் அமைந்துள்ளது. அதன் சரிவு பாம்பார் சோலைக்கு இறங்குகிறது. பாம்பாற்றின் நீர் பெரியகுளம் அருகிலுள்ள கும்பக்கரை அருவி வழியாகச் சமவெளிக்குச் செல்கிறது. எனவே, இம்மண்ணில் எது செய்யப்பட்டாலும் அதன் விளைவு வளாகச் சுவருக்குள் நின்றுவிடாது. ஹைதராபாத்திலுள்ள அணுசக்தித் துறையின் ஆய்வகம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கொடைக்கானல் ஏரியின் நீரிலும் படிவிலும் மீன்களிலும் பாதரசம் இருப்பது கண்டறியப்பட்டது. தொலைவிலுள்ள பேரிஜம், குக்கல் ஏரிகளின் நீரில் அதன் அளவு குறைவாக இருந்தது.

பாதரசத்தின் மூன்று வடிவங்கள்

பாக்டீரியாக்கள் செய்வதைப் புரிந்துகொள்ள, பாதரசத்தின் மூன்று வடிவங்களை அறிந்திருத்தல் வேண்டும்.

உலோகப் பாதரசம்: தெர்மாமீட்டரில் காணப்படும் வெள்ளி நிறத் திரவம். இதை விழுங்கினால் குடல் மிகச் சிறிதளவே உறிஞ்சும். ஆனால், அறை வெப்பநிலையிலேயே இது ஆவியாகும். சுவாசிக்கப்படும் ஆவியில் சுமார் 80 விழுக்காடு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் அடையும். தெர்மாமீட்டர் தொழிலாளர்களுக்கு ஏற்படக்கூடிய முதன்மையான ஆபத்து இதுவே.

பாதரச உப்புகள்: உலோகப் பாதரசம் மண்ணிலும் நீரிலும் வேதி மாற்றம் அடைந்து உருவாகுபவை. இவை முதன்மையாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கின்றன.

மெத்தில் பாதரசம்: கரிமப் பொருளுடன் இணைந்த பாதரசம். இது மீன்களின் உடலில் சேர்ந்து, அவற்றை உண்போரின் உடலை அடைகிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கவல்லது.

பாக்டீரியாக்கள் என்ன செய்கின்றன?

பாதரசம் நிறைந்த இடங்களில் வாழும் சில பாக்டீரியாக்களிடம் 'மெர்' எனப்படும் மரபணுத் தொகுதி இயற்கையாகவே உள்ளது. இத்தொகுதியின் கட்டளைப்படி இரண்டு முக்கிய நொதிகள் உருவாகின்றன. மெர்-பி என்னும் மரபணுவால் உருவாகும் நொதி மெத்தில் பாதரசம் போன்றவற்றில் கரிமத்துக்கும் பாதரசத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பைத் துண்டிக்கிறது. மெர்-ஏ என்னும் மரபணுவால் உருவாகும் நொதி, அவ்வாறு விடுபட்ட பாதரசத்தையும் பாதரச உப்புகளையும் உலோகப் பாதரசமாக மாற்றுகிறது. அது ஆவியாகப் பாக்டீரியாவின் உடலைவிட்டு வெளியேறுகிறது.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாக்டீரியா தன்னைக் காத்துக்கொள்ளப் பாதரசத்தைத் தன்னிடமிருந்து வெளியேற்றுகிறது, அவ்வளவே. அந்தப் பாதரசம் மறைவதில்லை. மண்ணிலிருந்து நீங்கியது காற்றில் இருக்கிறது. அது மீண்டும் மழையுடன் வேறோர் இடத்தில் படியக்கூடும்.

எல்லாப் பாக்டீரியாக்களும் இவ்வாறு செயல்படுவதும் இல்லை. ஏரியின் அடிச்சேறு, சதுப்பு நிலம் போன்ற உயிர்வளி குறைந்த இடங்களில் வாழும் சில பாக்டீரியாக்கள் இதற்கு நேர்மாறாகப் பாதரச உப்புகளை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இதற்குக் காரணமான இரு மரபணுக்கள் 2013-இல் அடையாளம் காணப்பட்டன. 'பாக்டீரியா' என்ற சொல்லைக் கேட்டதும் நன்மை என்றோ தீமை என்றோ முடிவு செய்ய இயலாது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கரிம மாசும் உலோக மாசும் கலந்த மண்

எண்ணெய், கரைப்பான், பூச்சிக்கொல்லி முதலிய கரிம மாசுகளின் நிலை வேறு. பல பாக்டீரியாக்கள் அவற்றை உணவாகக் கொண்டு, இறுதியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைத்துவிடுகின்றன. இவற்றை உண்மையாகவே அழிக்க முடியும். ஆனால், பெரும்பாலான தொழிற்சாலைக் கழிவிடங்களில் கரிம மாசும் உலோக மாசும் சேர்ந்தே காணப்படுகின்றன. திண்டுக்கல், வேலூர் போன்ற பகுதிகளின் தோல் பதனிடும் ஆலைக் கழிவுநீரில் கரிமப் பொருள்களுடன் குரோமியமும் உப்பும் கலந்திருப்பது நம் மாநிலத்தில் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். இத்தகைய மண்ணில் கரிம மாசைச் சிதைக்கும் பாக்டீரியாக்களை உலோகம் நஞ்சாகித் தாக்குகிறது.

இச்சிக்கலைத் தீர்க்கவே மரபணுப் பொறியியல் முயல்கிறது. உலோகத்தைத் தாங்கும் மரபணுவையும் கரிம மாசைச் சிதைக்கும் மரபணுவையும் ஒரே பாக்டீரியாவில் சேர்ப்பதே இதன் நோக்கம். வங்காளத்தில் பிறந்த அறிவியலாளர் ஆனந்த மோகன் சக்ரவர்த்தி 1970களின் தொடக்கத்தில் கச்சா எண்ணெயின் பல கூறுகளைச் சிதைக்கும் பாக்டீரியாவை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை வழங்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. பின்னர், கடும் கதிரியக்கத்தையும் தாங்கும் டெய்னோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவில் மெர் மரபணுக்களைச் சேர்த்து, அணுக்கழிவிடங்களிலுள்ள பாதரசத்தை மாற்றும் வகையை அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-இல் வெளியிட்டனர். டொலுவீன் என்னும் கரைப்பானைச் சிதைக்கும் திறனும் இப்பாக்டீரியாவில் சேர்க்கப்பட்டது. மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள் இதே பாக்டீரியாவை யுரேனியத்தை வீழ்படிவாக்கும் வகையில் மாற்றியுள்ளனர்.

இவை உண்மையான சாதனைகள். எனினும், ஆய்வகக் குடுவையில் நிகழ்வது திறந்த நிலத்தில் அவ்வாறே நிகழ்வதில்லை. மண் சீரமைப்புக்காக மரபணு மாற்றப்பட்ட பாக்டீரியாவை முறையான அனுமதியுடன் களத்தில் விட்ட முதல் சோதனை 1996-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் நடைபெற்றது. அதுவும் மண் நிரப்பிய தனித் தொட்டிகளில், கண்காணிப்புடன் நடத்தப்பட்டது.

கொடைக்கானல் மண்ணில் இம்முறையைப் பயன்படுத்த இயலாதா?

இவ்வினாவுக்கு விடையளிக்கும்போது நான்கு காரணங்களைக் கருத வேண்டும்.

முதலாவது, காற்று. பாதரச உப்புகளை ஆவியாக மாற்றும் பாக்டீரியாவைத் திறந்த நிலத்தில் இட்டால், மண்ணின் அளவு குறையலாம். ஆனால், அருகில் வசிப்போர் சுவாசிக்கும் காற்றில் அளவு கூடலாம். ஜெர்மனியில் இதே வேலையை இயற்கையான பாக்டீரியாக்களைக் கொண்டு ஆலைக் கழிவுநீரில் வெற்றிகரமாகச் செய்துள்ளனர். அங்கு வேறுபாடு என்னவெனில், எல்லாம் மூடிய கலனுக்குள் நடைபெறுகிறது. உலோகமாக மாறிய பாதரசம் கலனுக்குள்ளேயே தேங்கிச் சேகரிக்கப்படுகிறது.

இரண்டாவது, மண்ணின் தன்மை. சோலைக் காட்டு மண்ணில் மட்கு மிகுதி. பாதரசம் மட்குடன் இறுகப் பிணைந்துகொள்கிறது. கரைந்த நிலையிலுள்ள பாதரசத்தை மட்டுமே பாக்டீரியாவால் உட்கொள்ள முடியும்.

மூன்றாவது, தட்பவெப்பம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் நிலவும் குளிர் பாக்டீரியாக்களின் செயல்பாட்டை மந்தமாக்கும். கனமழை அவற்றையும் மாசையும் சரிவில் அடித்துச் செல்லக்கூடும்.

நான்காவது, சட்டம். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், 1986-இன் கீழ் 1989-இல் வெளியிடப்பட்ட விதிகளின்படி, மரபணு மாற்றப்பட்ட நுண்ணுயிரிகளை ஒன்றிய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதலின்றிச் சுற்றுச்சூழலில் விடக்கூடாது.

கொடைக்கானல் வளாகத்துக்கு வேறு முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. மண்ணைத் தோண்டி எடுத்து, நீரால் கழுவி, மாசு மிகுந்த நுண்துகள்களைப் பிரித்து, அவற்றை மூடிய கலனில் சூடாக்கி, வெளிவரும் பாதரச ஆவியைக் குளிர்வித்துச் சேகரிப்பதே அம்முறை. ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்பது சீரமைப்பின் இலக்காக ஏற்கப்பட்டது. இந்த இலக்கு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று முன்னாள் தொழிலாளர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வலியுறுத்தி வந்துள்ளனர்.

மண்ணுக்கான நுண்ணுயிரித் தூள் அல்லது கரைசல் என்ற பெயரில் விற்கப்படும் பொருள்கள் பாதரசத்தை நீக்கும் என்று கருதி அவற்றை வீட்டுத் தோட்டத்திலோ கிணற்றிலோ இட வேண்டாம். தயிர், மோர் முதலிய உணவுகளிலுள்ள நன்மை தரும் பாக்டீரியாக்கள் உணவாகப் பயனுள்ளவை. அவை பாதரச நச்சுக்கான மருந்தல்ல.

உடலில் என்ன நிகழ்கிறது?

உடலில் சேர்ந்த பாதரசம் சிறுநீர், மலம் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. உடலிலுள்ள அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். எனவே, 2001-இல் பணியை விட்ட ஒருவரின் சிறுநீரில் இன்று பாதரசம் மிகுந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால், அது உடலில் இருந்த காலத்தில் நரம்புகளுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்படுத்திய பாதிப்பு, பாதரசம் வெளியேறிய பின்னும் எஞ்சியிருக்கக்கூடும். பரிசோதனை முடிவு இயல்பாக உள்ளது என்ற ஒரே காரணத்தால் நோயாளியின் துன்பத்தைப் புறக்கணித்தல் கூடாது.

அதே வேளையில், கைநடுக்கமும் மறதியும் சிறுநீரகக் கோளாறும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், தைராய்டு நோய், மதுப்பழக்கம் முதலிய பிற காரணங்களாலும் ஏற்படும். அனைத்தையும் பாதரசத்தின் மீது ஏற்றினால், எளிதில் குணமாகும் நோய்கூடக் கவனிக்கப்படாமல் போகும்.

கீழ்க்காணும் அறிகுறிகள் இருப்பின் மருத்துவரை அணுகவும்:

• கைவிரல், இமை, உதடு ஆகியவற்றில் நடுக்கம்; கையெழுத்து மாறுதல்
• தூக்கமின்மை, மறதி, காரணமற்ற கூச்சம், எரிச்சல், மனச்சோர்வு
• ஈறு வீக்கம், ஈறுகளில் இரத்தக்கசிவு, மிகுதியான உமிழ்நீர்
• கை, கால்களில் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம்
• முகம், கால் வீக்கம், சிறுநீரில் நுரை

மருத்துவரிடம் கூற வேண்டியவை

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு மருத்துவமனையையோ அணுகலாம். தேவைப்படின் அங்கிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். இந்நோயை அறிவதில் ஆய்வக அறிக்கையைக் காட்டிலும் நோயாளியின் பணி வரலாறே பல நேரங்களில் உதவுகிறது. எனவே, பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டுசெல்லவும்.

• எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பிரிவில் பணியாற்றினீர்கள்
• பணி உடையை வீட்டிற்குக் கொண்டுவந்து துவைத்தீர்களா, யார் துவைத்தார்கள்
• அக்காலத்தில் கருவுற்றிருந்தோர், சிறு குழந்தைகள் வீட்டில் இருந்தனரா
• கொடைக்கானல் ஏரி மீனை வழக்கமாக உண்பதுண்டா
• ரசம் சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகள் அல்லது சருமத்தை வெளுப்பாக்கும் பசைகள் பயன்படுத்தப்படுகின்றனவா

உலோகப் பாதரசம், பாதரச உப்புகள் ஆகியவற்றின் அண்மைக்காலத் தாக்கத்தை அறியச் சிறுநீர்ப் பரிசோதனையும், மெத்தில் பாதரசத்தை அறிய இரத்தப் பரிசோதனையும் செய்யப்படுகின்றன. சிறுநீரில் புரதம், இரத்தத்தில் கிரியேட்டினின் ஆகியவை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும். முன்னாள் தொழிலாளர்கள் இப்பரிசோதனைகளை இரத்த அழுத்தப் பரிசோதனையுடன் ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்வது நல்லது.

சிகிச்சை

பாதரசத்துடனான தொடர்பை நிறுத்துவதே முதல் சிகிச்சை. உடலில் பாதரசம் மிகுந்திருப்பது பரிசோதனையில் உறுதியானால், அதைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் மருத்துவமனைக் கண்காணிப்பில் வழங்கப்படும். இம்மருந்துகள் உடலிலுள்ள பாதரசத்தை வெளியேற்றுமேயன்றி, ஏற்கெனவே நரம்புகளுக்கு ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்யா. பல ஆண்டுகளுக்கு முன் தொடர்பு நின்றுபோனவர்களுக்கு இவற்றால் பயன் எதிர்பார்க்க இயலாது, பக்கவிளைவுகள் உண்டு. ஆகவே, நச்சு நீக்கம் என்ற பெயரில் விளம்பரப்படுத்தப்படும் ஊசிகளையோ மாத்திரைகளையோ தாமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுக்கம், தூக்கமின்மை, மனச்சோர்வு, சிறுநீரகக் கோளாறு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிகிச்சை உண்டு. அவற்றைப் பெறுவது நோயாளியின் அன்றாட வாழ்வை எளிதாக்கும்.

பராமரிப்போர் வீட்டில் கவனிக்க வேண்டியவை

• எரிச்சலும் ஒதுங்கியிருத்தலும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அவற்றைக் குணக்கேடு என்று கருதிக் கடிந்துகொள்ள வேண்டாம்.
• நடுக்கம் உள்ளவர்களுக்குக் கைப்பிடியுள்ள கனமான குவளை உதவும். சூடான பானங்களைக் குவளை நிறைய ஊற்ற வேண்டாம்.
• மாசுபட்டதாக அறிவிக்கப்பட்ட இடங்களின் மண்ணில் குழந்தைகளை விளையாட விட வேண்டாம். கேரட், உருளைக்கிழங்கு முதலியவற்றை மண் போகக் கழுவித் தோல் சீவிச் சமைக்கவும்.
• நீரைக் கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியும். பாதரசத்தை நீக்க அது ஏற்ற முறையன்று. ஐயம் இருப்பின் நீரைப் பரிசோதனைக்கு அனுப்பவும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது.
• கருவுற்ற பெண்கள் மீனை முற்றிலும் தவிர்க்க வேண்டியதில்லை. மத்தி, நெத்திலி போன்ற சிறிய மீன்கள் நல்லவை. சுறா போன்ற பெரிய மீன்களையும் மாசுபட்ட ஏரியில் பிடித்த மீன்களையும் தவிர்க்கவும்.
• மருத்துவர் கூறாமல் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் குழந்தைகளை வெளியேற்றி, ஜன்னல்களைத் திறந்து வைக்கவும். துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, அது பாதரசத்தைச் சிறு துளிகளாகச் சிதறடிக்கும். தங்க நகைகளைக் கழற்றிவிட்டு, கையுறை அணிந்து, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் இட்டு இறுக மூடவும். கழிவுநீர்க் குழாயில் ஊற்றவோ நெருப்பில் இடவோ கூடாது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை

பாதரசம் சூடாக்கப்பட்ட இடத்தில் இருந்தவருக்குச் சில மணி நேரத்தில் இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், காய்ச்சல் ஏற்பட்டால் அது அவசர நிலையாகும். உடனே அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்கவும். பிற மருத்துவ ஆலோசனைகளுக்கு 104 என்ற எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா. பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வுகள் தொடர்கின்றன. வருங்காலத்தில் அவை மண் சீரமைப்புக்கு மேலும் உதவக்கூடும். ஆனால், முன்னாள் தொழிலாளர் ஒருவரின் மருத்துவப் பரிசோதனை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பணி வரலாற்றை எழுதிய தாளுடன் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் சென்று, ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.